எஃப்பிஎஸ்ஸும் ஹெர்ட்ஸும் ஒத்துப்போகாதபோது: கணினி கேம்களுக்கு அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

கேம் சரியாக ஓடவில்லை என்று சொல்பவர்களிடம் திரையில் என்னதான் தெரிகிறது என்று விசாரித்தால், ஒருவருக்குப் படம் குறுக்கே கிழிகிறது, இன்னொருவருக்கு அவ்வப்போது உறைந்து நிற்கிறது, மற்றொருவருக்கு மவுஸை நகர்த்திய பிறகே காட்சி மெதுவாகப் பின்தொடர்ந்து வருகிறது. இம்மூன்றும் வேறுவேறு கோளாறுகள். ஒன்றுக்கான தீர்வு இன்னொன்றை மோசமாக்கக்கூடும். அப்படியிருந்தும் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் யோசனைதான். பணத்தைச் செலவிடுவதற்கு முன், கோளாறு படம் தயாராகும் இடத்தில் இருக்கிறதா, அது திரைக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறதா, திரையிலேயே இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். ஒரு கேபிளை மாற்றினாலோ ஒரு செட்டிங்கைத் திருத்தினாலோ தீர்ந்துவிடக்கூடிய குறைகளுக்காகப் பலர் கார்டையே மாற்றிவிடுவது வருத்தத்திற்குரியது.

பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஒரு வினாடியில் எத்தனை ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, உருவாக்குகின்றன என்பது ஃபிரேம் ரேட்; இதை எஃப்பிஎஸ் என்ற அளவில் சொல்கிறோம். மானிட்டர் தன் திரையை ஒரு வினாடியில் எத்தனை முறை மேலிருந்து கீழாகப் புதிதாக வரைகிறது என்பது ரெஃப்ரெஷ் ரேட். இதன் அளவு ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரை 16.67 மில்லி வினாடிக்கு ஒருமுறையும், 144 ஹெர்ட்ஸ் திரை 6.94 மில்லி வினாடிக்கு ஒருமுறையும், 240 ஹெர்ட்ஸ் திரை 4.17 மில்லி வினாடிக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படுகின்றன. 60-இலிருந்து 144-க்கு மாறும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறத்தாழ 10 மில்லி வினாடி மிச்சமாகிறது; 144-இலிருந்து 240-க்குப் போகும்போது 3 மில்லி வினாடிகூட மிச்சமாவதில்லை. முதல் மாற்றத்தை யாரும் பார்த்தவுடன் உணர்வார்கள். இரண்டாவது மாற்றம் போட்டி நோக்கில் விளையாடுபவருக்கே பொருட்படுத்தத் தக்கது என்பது என் கருத்து.

எந்த அறிகுறிக்கும் முதலில் செய்ய வேண்டியது, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னருடன் வரும் ரிவாடியூனர் போன்ற ஒரு கருவியை நிறுவி, எஃப்பிஎஸ் எண்ணோடு ஃபிரேம் டைம், அதாவது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தின் வரைபடத்தையும் திரையின் மூலையில் தெரியும்படி வைப்பது. எண் சராசரியை மட்டுமே சொல்கிறது. ஒரு மணி நேரத்திற்கு ஆறு பேருந்துகள் என்று அட்டவணை சொன்னாலும், அவற்றில் நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டால் நிறுத்தத்தில் நிற்பவர் அரை மணி நேரம் காத்திருக்கத்தான் நேரும், ஃபிரேம்களும் அப்படித்தான். வரைபடக் கோடு மட்டமாக ஓடினால் இடைவெளி சீராக இருக்கிறது. ஊசி ஊசியாக மேலே எழும்பினால், எண் 120 என்று காட்டினாலும் கண்ணுக்குத் திணறலே தெரியும்.

அறிகுறி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் பழையதைப் போலவே இருக்கிறது

புதிய மானிட்டரை இணைக்கும்போது விண்டோஸ் பல சமயங்களில் அதை 60 ஹெர்ட்ஸிலேயே இயக்குகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்று, அங்கே மானிட்டரின் முழு ரெஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் அதன் கன்ட்ரோல் பேனலில் தொலைக்காட்சிக்கான தெளிவுத்திறன் பட்டியலையும் கணினிக்கான பட்டியலையும் தனித்தனியாகக் காண்பார்கள். உயர்ந்த எண்கள் பெரும்பாலும் கீழே உள்ள கணினிப் பட்டியலில்தான் இருக்கும்.

பட்டியலில் 144 என்ற எண்ணே இல்லையென்றால் கேபிளையும் துளையையும் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 துளை மட்டுமே உள்ள மானிட்டரில் 1080பி தெளிவுத்திறனுக்குப் பொதுவாக 120 ஹெர்ட்ஸ் வரையே கிடைக்கும். 1440பி-யில் 144 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை. 4கே-யில் 120 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தேவை. ஒரே மானிட்டரிலேயே டிஸ்ப்ளேபோர்ட் துளை 165 ஹெர்ட்ஸையும், பக்கத்திலுள்ள எச்டிஎம்ஐ துளை 144-ஐயும் மட்டும் தருவது உண்டு. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள அட்டவணை இதைச் சொல்லும். மேசைக் கணினியின் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. யுஎஸ்பி துளைகளுக்கு அருகே செங்குத்தாக இருக்கும் எச்டிஎம்ஐ துளை மதர்போர்டுக்குச் சொந்தமானது. கிராஃபிக்ஸ் கார்டின் துளைகள் அதற்குக் கீழே தனியாகக் கிடைமட்டமாக இருக்கும். கேபிள் மேலே செருகப்பட்டிருந்தால், கார்டு இருந்தும் படம் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் வழியாகவே திரைக்குப் போகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் கேமுக்குள் இருக்கும் எஃப்பிஎஸ் வரம்பைப் பாருங்கள். பல கேம்களில் அது தொடக்கத்தில் 60 என்றே வைக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பில் சார்ஜர் இல்லாமல் விளையாடினால், பேட்டரியைச் சேமிப்பதற்காக எஃப்பிஎஸ்ஸும் சில மாடல்களில் ரெஃப்ரெஷ் ரேட்டும் தாமாகவே குறைந்துவிடும்.

மானிட்டரின் மெனுவில் ஓவர்கிளாக் செய்து 165 அல்லது 180-க்கு ஏற்றியிருந்தால், அது உண்மையிலேயே அத்தனை முறை வரைகிறதா என்பதையும் சோதிக்கலாம். யுஎஃப்ஓ டெஸ்ட் என்ற இலவசத் தளத்தில் ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனையை முழுத்திரையில் ஓடவிட்டு, கைபேசி கேமராவின் ப்ரோ முறையில் ஷட்டர் வேகத்தை 1/10 வினாடியாக வைத்துப் படம் எடுக்க வேண்டும். படத்தில் வெளிச்சமான கட்டங்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து விழுந்திருந்தால் திரை ஒரு ஃபிரேமையும் விடவில்லை. நடுவே ஒரு கட்டம் கறுப்பாக இருந்தால், அந்த வேகத்தைத் திரை பேச்சளவில்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது; ஒரு படி குறைத்து வைப்பதே சரி.

அறிகுறி: பக்கவாட்டில் திரும்பும்போது படம் குறுக்கே கிழிந்து தெரிகிறது

திரை பாதி வரையப்பட்டிருக்கும்போதே கார்டு அடுத்த ஃபிரேமை அனுப்பிவிடுவதால் மேல் பாதியில் பழைய படமும் கீழ்ப் பாதியில் புதிய படமும் தெரிகின்றன. கதவு, தூண், மரம் போன்ற செங்குத்தான கோடுகளில் இது பளிச்சென்று தெரியும். எஃப்பிஎஸ் அதிகமானால்தான் கிழியும் என்பது பரவலான தவறான எண்ணம். ரெஃப்ரெஷ் ரேட்டைவிடக் குறைவான எஃப்பிஎஸ்ஸிலும் கிழியும்.

இதற்கு இன்றைய சிறந்த தீர்வு, கார்டு ஃபிரேமை அனுப்பும்வரை திரையைக் காத்திருக்கச் செய்யும் வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட் முறை. என்விடியா 2013-இல் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-இல் கடைகளுக்கு வந்தன. 2019 ஜனவரியில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து தொடங்கி என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் வகை மானிட்டர்களோடு வேலை செய்யத் தொடங்கின. முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் என்பதை இயக்கிவிட்டு, அதன் பிறகே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) செட்டிங்ஸில் இயக்க வேண்டும்; முதற்படியைச் செய்யாவிட்டால் டிரைவரில் அந்த விருப்பமே தோன்றாது.

இயக்கிய பிறகும் கிழிகிறதென்றால், எஃப்பிஎஸ் திரையின் உச்ச வரம்பைத் தாண்டிச் செல்கிறது என்று பொருள். வரம்புக்குச் சற்றுக் கீழே எஃப்பிஎஸ்ஸைக் கட்டுப்படுத்துங்கள்: 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 138 முதல் 141 வரை வைக்கலாம். கார்டின் ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்புக்காகக் காத்திருக்கச் செய்யும் விசிங்க்கையும் டிரைவரில் இயக்கி வைக்கலாம். வரம்புக்குள் இருக்கும்வரை அது தாமதத்தைக் கூட்டாது, எப்போதாவது எல்லையைத் தொடும் ஃபிரேம்களை மட்டும் கிழியாமல் காக்கும்.

பிளேஸ்டேஷன் 5-ஐ மானிட்டரோடு இணைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட் வசதி எச்டிஎம்ஐ 2.1 முறையில் மட்டுமே செயல்படும். எச்டிஎம்ஐ 2.0 வழியாக ஃப்ரீசிங்க் தரும் மானிட்டரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு அது கிடைக்கும், பிளேஸ்டேஷனுக்குக் கிடைக்காது.

அறிகுறி: கிழியவில்லை, ஆனால் மவுஸ் கனமாக இருக்கிறது

வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட் இல்லாத திரையில் விசிங்க்கை மட்டும் இயக்கினால் இப்படி ஆகும். கார்டு திரையைவிட வேகமாக வேலை செய்து, முடிந்த ஃபிரேம்களை வரிசையில் நிறுத்திவைக்கிறது; நீங்கள் பார்ப்பது சற்று முன்பு தயாராகி வரிசையில் காத்திருந்த படத்தை. இரண்டு மூன்று ஃபிரேம்கள் காத்திருந்தால் 60 ஹெர்ட்ஸில் அது 33 முதல் 50 மில்லி வினாடி. குறிபார்த்துச் சுடும் கேமில் இதைக் கை உடனே உணரும். 144 ஹெர்ட்ஸில் அதே வரிசை 14 முதல் 21 மில்லி வினாடியாகச் சுருங்குகிறது. உயர்ந்த ரெஃப்ரெஷ் ரேட்டின் பெரிய நன்மை கண்ணுக்கு மட்டுமல்ல, கைக்கும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

விசிங்க்கை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் கனம் குறையவில்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 99 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கார்டு முழுத் திறனில் திணறும்போது பிராசஸர் அடுத்தடுத்த வேலைகளை அதன் முன் குவித்துவைப்பதால் தாமதம் கூடுகிறது. கேமில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் என்விடியா ரிஃப்ளெக்ஸ் இருந்தால் அதை இயக்குங்கள். ஏஎம்டி கார்டில் ஆன்டி-லேக் உண்டு. இரண்டும் இல்லாத இடத்தில், கார்டு எப்போதும் தாங்கக்கூடிய ஓர் எண்ணில் எஃப்பிஎஸ்ஸைக் கட்டுப்படுத்துவதே பலன் தரும். கட்டுப்படுத்தாத 110-ஐவிடக் கட்டுப்படுத்திய 100 கைக்கு இலகுவாக இருப்பதைப் பார்க்கலாம்.

60 ஹெர்ட்ஸ் திரையில் 200 எஃப்பிஎஸ் ஓட்டுவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. விசிங்க் இல்லாதபோது பயன் உண்டு. திரை 60 முறைதான் வரைகிறது என்றாலும், வரையும் கணத்தில் அதற்குக் கிடைக்கும் படம் 5 மில்லி வினாடிக்குள் தயாரான புதிய படம். கிழிசல் இருக்கும், தாமதம் குறையும். போட்டியாளர்கள் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அறிகுறி: எண் அதிகம், ஆனாலும் ஓட்டம் திணறுகிறது

மிகுதியான குழப்பம் இங்கேதான், ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். திணறல் எப்போது வருகிறது என்பதே முதல் துப்பு.

புதிய இடத்திற்குள் நுழையும்போதும், ஓர் ஆயுதத்தை முதன்முறையாகப் பயன்படுத்தும்போதும் மட்டும் உறைந்து, இரண்டாம் முறை அதே இடத்தில் சீராக ஓடினால், அது ஷேடர்கள் (ஒளி, நிறம் போன்றவற்றைக் கணக்கிடும் சிறு நிரல்கள்) அந்தக் கணத்தில் தொகுக்கப்படுவதால் வருவது. டைரக்ட்எக்ஸ் 12-இல் இயங்கும் அன்ரியல் எஞ்சின் கேம்கள் பலவற்றில் இது உண்டு. தொடக்கத்தில் ஷேடர் தொகுப்பு நடக்கும் திரை வந்தால் அதைத் தாண்டிச் செல்லாமல் முடியவிடுங்கள். டிரைவரைப் புதுப்பித்த பிறகு இது மீண்டும் ஒருமுறை நடக்கும் என்பதால் அப்போது பதற வேண்டாம்.

விளையாட்டு முழுவதும் லேசான, ஆனால் ஓயாத அதிர்வு இருந்தால், எஃப்பிஎஸ் ரெஃப்ரெஷ் ரேட்டோடு வகுபடாமல் இருக்கலாம். 144 ஹெர்ட்ஸ் திரையில் 60 எஃப்பிஎஸ் கேமை வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட் இல்லாமல் விசிங்க்குடன் ஓட்டினால், ஒரு ஃபிரேம் சராசரியாக 2.4 புதுப்பிப்புகளுக்கு நிற்க வேண்டும். பாதிப் புதுப்பிப்பு என்று ஒன்று இல்லையாதலால், முதல் ஃபிரேம் இரண்டு, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று நிற்கிறது. கேமரா ஒரே வேகத்தில் சுழன்றாலும் கண்ணுக்கு அது தத்தித் தத்திச் செல்வதாகத் தெரியும். எஃப்பிஎஸ்ஸை 72-இல் கட்டுப்படுத்துங்கள். முடியாவிட்டால் அந்த கேமுக்கு மட்டும் திரையை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில், பழைய விசிங்க் முறையில் இரண்டே பஃபர்கள் (ஃபிரேம்களை வைத்திருக்கும் நினைவிடங்கள்) உள்ள கேமில் எஃப்பிஎஸ் 60-க்குக் கீழே சற்று இறங்கினாலும் நேராக 30-க்கு விழும். அதுவும் இதே வகுபடும் சிக்கலின் விளைவுதான்.

ஒழுங்கில்லாத இடைவெளிகளில் திடீரென்று ஊசி எழுந்தால் பிராசஸரையும் நினைவகத்தையும் சந்தேகியுங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை துளைகளில் ரேம் இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். 3200 என்று எழுதி விற்கப்படும் டிடிஆர்4 ரேம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பு இயக்கப்படாவிட்டால் 2133 அல்லது 2400-இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். ஒற்றை ரேம் மட்டும் செருகியிருப்பது ஒற்றைச் சேனலாகி, சராசரி எஃப்பிஎஸ்ஸைக் காட்டிலும், மிக மெதுவாக வரும் 1 சதவீத ஃபிரேம்களையே அதிகம் பாதிக்கும். வினாடிக்கு 8000 முறை தம் நிலையைக் கணினிக்குச் சொல்லும், அதாவது 8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட் உள்ள மவுஸ்கள் பிராசஸருக்குச் சுமை தருபவை. மவுஸை அசைக்கும்போது மட்டும் திணறினால் அதை 1000-க்குக் குறைத்துப் பாருங்கள்.

தொடங்கி அரை மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு திணறத் தொடங்கினால் அது வெப்பம். பிராசஸரின் வெப்பநிலையையும் கிளாக் வேகத்தையும் வரைபடத்தில் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் உச்சத்தில் நின்று வேகம் படிப்படியாக இறங்கினால் ஐயமே வேண்டாம். அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் சில்லின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவு கூடும் என்பதால், டிசம்பரில் நன்றாக ஓடிய கணினி கத்திரி வெயிலில் தடுமாறுவது இயல்பு. தூசியைத் துடைத்து எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைத்தால் வெப்பம் குறையும்.

அறிகுறி: கிராஃபிக்ஸ் செட்டிங்கைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் ஏறவில்லை

தெளிவுத்திறனை 720பி-க்குக் குறைத்து, எல்லாவற்றையும் லோ-வில் வைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே இருந்தால் தடை பிராசஸரில். புதிய கார்டு வாங்குவது வீண். நிழல்களின் தூரம், கூட்டத்தின் அடர்த்தி, காட்சித் தொலைவு ஆகியவை பிராசஸரின் சுமைகள். முதலில் இவற்றைக் குறையுங்கள். 240 ஹெர்ட்ஸ் திரைக்கு ஆசைப்படுபவர்கள் இந்தச் சோதனையை வாங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். 720பி-யிலேயே 130-ஐத் தாண்டாத கணினியில் அந்தத் திரை பெரும்பாலும் வீணாகும்.

அறிகுறி: நகரும் பொருள் மங்குகிறது, பின்னால் நிழல் இழுபடுகிறது

இவை இரண்டு தனிக் கோளாறுகள். மங்கல், ஒவ்வொரு படமும் அடுத்தது வரும்வரை திரையில் அசையாமல் நிற்பதால் கண்ணில் உண்டாவது. வினாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகரும் பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்திற்கும், 120-இல் 8 பிக்சலுக்கும், 240-இல் 4 பிக்சலுக்கும் மங்கும். ரெஃப்ரெஷ் ரேட்டும் எஃப்பிஎஸ்ஸும் சேர்ந்து கூடினால்தான் இது குறையும். ஒன்று மட்டும் கூடினால் போதாது.

இழுபடும் நிழல், பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரத்தால் வருவது. மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவ் அல்லது ரெஸ்பான்ஸ் டைம் என்று இருப்பதை நடு நிலையில் வையுங்கள். உச்ச நிலையில் வைத்தால் பொருளுக்குப் பின்னால் வெளிறிய எதிர்நிழல் தோன்றும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1 மில்லி வினாடி என்ற எண் பெரும்பாலும் யாரும் பயன்படுத்த விரும்பாத இந்த உச்ச நிலையில் அளக்கப்பட்டது. விஏ என்ற எல்சிடி வகைப் பேனல்களில் இருண்ட காட்சிகளில் கறுப்பு இழுபடுவது அந்தப் பேனலின் இயல்பு, செட்டிங்கால் முழுமையாகத் தீராது. பின்னொளியை விட்டுவிட்டு எரியச் செய்யும் ஸ்ட்ரோபிங் முறை மங்கலை வெகுவாகக் குறைக்கும்; ஆனால் எஃப்பிஎஸ் ரெஃப்ரெஷ் ரேட்டுக்குச் சமமாக இல்லாவிட்டால் உருவம் இரட்டையாகத் தெரியும், வெளிச்சமும் குறையும்.

அறிகுறி: இருண்ட காட்சியிலும் லோடிங் திரையிலும் மினுமினுக்கிறது

ஓஎல்இடி, விஏ திரைகளில் வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட் இயங்கும்போது ஃபிரேம் டைம் துள்ளினால் வெளிச்சமும் துள்ளுகிறது. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை வரம்புள்ள திரையில் எஃப்பிஎஸ் 48-க்கு மேலும் கீழும் ஊசலாடும்போது, கீழே வரும் ஃபிரேமை இரண்டுமுறை காட்டும் முறைக்குக் கார்டு மாறிமாறிச் செல்வதால் இது கூடும். செட்டிங்ஸைக் குறைத்து எஃப்பிஎஸ்ஸை அந்த எல்லைக்கு நன்கு மேலே நிறுத்துங்கள். லோடிங் திரையில் மட்டும் மினுக்கினால் அது தீங்கற்றது.

அறிகுறி: எதிரி மட்டும் தாவுகிறான்

நீங்கள் கேமராவைச் சுழற்றும்போது சுவரும் தரையும் சீராக நகர்ந்து, எதிரிகள் மட்டும் இடம்விட்டு இடம் தாவினால் கோளாறு இணைய இணைப்பில். ஹெர்ட்ஸ் எத்தனை கூடினாலும் இது மாறாது. வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறிப் பாருங்கள்.

அறிகுறி: ஃபிரேம் ஜெனரேஷனால் எண் இரட்டிப்பானது, உணர்வு மாறவில்லை

2022-இல் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 தொழில்நுட்பத்துடன் வந்த இந்த வசதி இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கணித்துச் செருகுகிறது. படம் வழவழப்பாகும், ஆனால் உங்கள் மவுஸ் அசைவைப் பொருட்படுத்துபவை உண்மையான ஃபிரேம்களே. 40-இலிருந்து 80 ஆக்கினால் கைக்கு 40-ஐப் போலவோ அதைவிடக் கனமாகவோ இருக்கும். அடிப்படை எஃப்பிஎஸ் 60-ஐத் தொட்ட பிறகே இதை இயக்குங்கள்.

அறிகுறி: எஃப்பிஎஸ் கூடியதும் கேமே விபரீதமாக நடந்துகொள்கிறது

சில கேம்களில் இயற்பியல் கணக்கு ஃபிரேமோடு கட்டப்பட்டிருக்கிறது. 1999-இல் வந்த குவேக் 3-இல் 125 எஃப்பிஎஸ்ஸில் ஆடுபவர் சற்று உயரமாகத் தாவ முடிந்தது. 2011-இல் வந்த ஸ்கைரிம்மின் முதல் பதிப்பில் 60-ஐத் தாண்டினால் மேசைமேல் உள்ள பாத்திரங்கள் தாமே பறந்தன. 2014-இல் வந்த டார்க் சோல்ஸ் 2-இன் கணினிப் பதிப்பில் 60 எஃப்பிஎஸ்ஸில் ஆயுதங்கள் 30-இல் தேய்வதைப்போல் இருமடங்கு வேகத்தில் தேய்ந்தன. 2022-இல் வந்த எல்டன் ரிங் 60-லேயே நிறுத்தப்பட்டிருக்கிறது; சண்டை கேம்கள் பெரும்பாலும் 60-இலேயே கணக்கிடப்படுகின்றன. இத்தகைய கேமில் பொருள்கள் துள்ளினாலோ, கதாபாத்திரம் வழக்கத்திற்கு மாறான வேகத்தில் நடந்தாலோ, டிரைவரைக் குறைசொல்லாமல், டிரைவர் செட்டிங்ஸில் அந்த ஒரு கேமின் பெயரைச் சேர்த்து அதற்கு மட்டும் 60 என்று வரம்பு வையுங்கள். பொது வரம்பை மாற்ற வேண்டாம். மாற்றினால் மற்ற கேம்கள் அனைத்தும் அந்த 60-லேயே நின்றுவிடும்.